ஒரே தெருவில் மூன்று வாசல்கள்

மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸில், 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் உள்ளது. பக்கத்திலேயே, 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் மினாரா சீனப் பகோடா போலவே நிற்கிறது. சற்றுத் தள்ளி, செங் ஹூன் தெங் சீனக் கோயில்.

சுற்றுலா செல்லும் நாமோ வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். தமிழ், சீன, தேசியப் பள்ளிகளில் தனித்தனியே படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் ஒரே வகுப்பில் அமர்கிறோம். ஆனாலும் நண்பரின் நோன்பைப் பற்றிக் கேட்பதில்லை. நம் விரதத்தைப் பற்றிச் சொல்வதும் இல்லை. தவறாக நினைப்பாரோ என்ற தயக்கம்! நாம் கேட்காமல் விடும் இடத்தில்தான் வதந்தி புகுந்துகொள்கிறது.

மாணவர்களே, அடுத்த முறை அத்தெருவுக்கு வேற்றுமத நண்பரோடு செல்லுங்கள். அவரவர் வாசலைப் பற்றி அவரவரே சொல்லட்டும்.