எழுத்து வீடு மாறுகிறது! கதவில் சீட்டு ஒட்டினீர்களா?

கொங்கு நாட்டில் ஆடி மாதம் யாரும் வீடு மாற மாட்டார்கள். மற்ற மாதங்களில் மாறுவார்கள். மாறும்போது பால்காரருக்குச் சொல்வார்கள். தபால்காரரிடம் புது விலாசம் கொடுப்பார்கள். தேடி வரும் சொந்தக்காரர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக் கூடாது அல்லவா?

இந்தப் புத்தி, எழுத்தை வீடு மாற்றும்போது மட்டும் பலருக்கு வருவதில்லை!

அது என்ன எழுத்தின் வீடு? வலைப்பூதான். இன்டர்நெட்டில் ஒருவர் தேதி போட்டு எழுதி வைக்கும் இடம். வாடகை இல்லாமல் இடம் தரும் கம்பெனிகள் உண்டு. 'பிளாகர்' 1999-ல் பிறந்தது. 2003-ல் கூகிள் அதை வாங்கியது. அதே ஆண்டில் 'வேர்ட்பிரஸ்' வந்தது. அன்று முதல் அங்கிருந்து இங்கு குடிபெயர்வோர் பலர்.

கொங்கு மக்களும் எழுதினார்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈரோட்டில் வலைப்பதிவர்கள் 'சங்கமம்' என்று கூடியதும் உண்டு. அரிசிம்பருப்பு சாதம் ஆக்கும் பக்குவம், மாரியம்மன் நோம்பி, பட்டிப் பொங்கல்... புத்தகத்தில் ஏறாத சங்கதிகள் இவை. தொலைந்தால் எங்கே போய்த் தேடுவது?

கோவையில் பிறந்த ஆணை

முன்பெல்லாம் தமிழுக்கு ஆளுக்கு ஒரு எழுத்துமுறை. ஒருவர் அடித்தது அடுத்தவர் கம்ப்யூட்டரில் கோழிக் கிறுக்கலாகத் தெரியும். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, யுனிகோடை அரசு தன் எழுத்துமுறையாக ஏற்றது. யுனிகோடில் உள்ள எழுத்து எந்த வீட்டுக்குப் போனாலும் முகம் மாறாது. ஆகவே எழுத்து தப்பிவிடும்.

தப்பாதது விலாசம்!

தமிழில் தலைப்பு வைத்தால் பிளாகருக்கு அதை விலாசமாக்கத் தெரியாது. 'பிளாக் போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு, பின்னால் ஒரு எண்ணை ஒட்டிவிடும். தமிழனின் கட்டுரைக்கு இப்படி ஒரு பெயர்! புது இடம் அதற்கு வேறு விலாசம் கொடுத்தால், பழைய விலாசத்தைக் குறித்து வைத்தவர் கதி என்ன? நடுத்தெருதான்.

படங்களின் கதை இன்னும் வேடிக்கை. புது வீட்டுச் சுவரில் தாத்தா படம் அழகாகத் தெரியும். ஆணி அடித்திருப்பதோ பல சமயம் பழைய வீட்டில்! பழையதை அழித்தால் தாத்தாவும் போய்விடக்கூடும்.

ஒன்றும் செய்யாமல் இருந்தவர்களுக்கும் அடி விழுந்தது. 2012 முதல் சில ஆண்டுகள், இந்தியாவில் படிப்போருக்கு 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற விலாசத்தைக் கூகிள் காட்டி வந்தது. அதைத்தான் வாசகர்கள் குறித்து வைத்தார்கள். 2020-ல் அந்தப் பெயர் கூகிளின் கையை விட்டு வேறொருவர் கைக்குப் போயிற்று! குறித்து வைத்த விலாசங்கள் எல்லாம் பாழ். உலகப் பெரிய கம்பெனியின் லட்சணம் இது. இலவச வீட்டில் சட்டம் பேச முடியுமா?

வழி உண்டு

வீடு மாறுவது தவறே இல்லை. சொந்தப் பெயர் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு குடும்பம் ஓரிரு தடவை சினிமா பார்க்கும் செலவில் ஓராண்டுக்குக் கிடைக்கும். கம்பெனி மாறினாலும் பெயர் கூடவே வரும். மறக்காமல் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதுவும் போகும்.

பழைய வீட்டை இடிக்க வேண்டாம். முகப்பில் புது விலாசத்தை எழுதி வையுங்கள். "என் எழுத்து, நான் அழிக்கிறேன்" என்பவர்கள் உண்டு. உரிமை இருக்கிறது, யார் மறுத்தது? ஆனால் கீழே கருத்து எழுதிய ஐம்பது பேரின் எழுத்தையும் சேர்த்தல்லவா அழிக்கிறார்கள்!

கிளம்புமுன் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள பிளாகரிலேயே வசதி இருக்கிறது. படங்களைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. அந்தக் கோப்பின் ஒரு நகல் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். அப்பாவின் எழுத்து இருந்தும், கடவுச்சொல் தெரியாமல் வெளியே நிற்கும் பிள்ளைகள் இப்போதே உண்டு.