பழகுகிற பையனுக்குக் கூலி எதற்கு?

பதினாறு வயதில் தகரப் பெட்டியும் கையுமாகத் தாதர் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் நம் சங்கத்தில் பலர். தலைப்பில் உள்ள கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. நான் முதன்முதலில் வேலைக்கு நின்ற பட்டறையில், காலை எட்டு மணிக்குத் தொடங்கி இரவு எட்டு வரை இரும்பு தேய்த்த பையன்கள் நாலு பேர். கூலி என்று வாயைத் திறந்தால் முதலாளி சிரிப்பார். “பழகுகிற பையனுக்குக் கூலி எதற்கு? சோறு போடுகிறேன், தொழில் கற்றுக் கொடுக்கிறேன், போதாதா?” என்பார். நாங்கள் தேய்த்த இரும்புக்கு மட்டும் அவர் வாடிக்கைக்காரரிடம் முழு விலை வாங்கினார்.

செல்வம் கொழிக்கும் கனடா நாட்டிலும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பட்டறையில் அல்ல, விளையாட்டு அரங்கில். அங்கே ஹாக்கி என்றால் நாம் அறிந்த புல்தரை ஹாக்கி அல்ல. உறைந்த பனித்தளத்தின் மேல் சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதில் ரப்பர் வில்லையை விரட்டும் ஆட்டம். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அதன் உச்சி, என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள், கோடிக்கணக்கில் சம்பளம். அந்த உச்சிக்குப் போகும் முக்கியப் பாதை, கனடிய ஹாக்கி லீக் என்னும் இளையோர் அமைப்பு. ஆன்டாரியோ, மேற்கு, கியூபெக் என மூன்று பிரிவுகள். சுமார் 60 அணிகள். ஆடுவோர் 16 முதல் 20 வயதுப் பையன்கள்.

பதினைந்து வயதையொட்டி, அணிகள் முறைவைத்துப் பையன்களைப் பொறுக்கி எடுக்கின்றன. எந்த அணி தன் பெயரைச் சொல்கிறதோ, அந்த ஊருக்குப் பையன் மூட்டை கட்டுகிறான். முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, உள்ளூர்ப் பள்ளியில் படிக்கிறான். ஆன்டாரியோ, மேற்குப் பிரிவுகளில் ஒரு பருவத்துக்கு 68 ஆட்டங்கள். இடையில் பயிற்சி, இரவெல்லாம் பேருந்துப் பயணம். வேண்டாம் என்று தோன்றினால் அணி அவனை வேறு அணிக்கு மாற்றிவிடலாம். ஆன்டாரியோவிலுள்ள லண்டன் நகரின் அரங்கில் சுமார் 9,000 பேர் டிக்கெட் வாங்கி அமர்கிறார்கள். டிக்கெட் விற்கிறது, பனியன் விற்கிறது, விளம்பரம் விற்கிறது. பையனுக்கோ தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குச் சில டாலர்.

இத்தனைக்கும் உச்சியில் இடம் எத்தனை பேருக்கு? என்.எச்.எல். ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் சுமார் 224 பேரைத் தேர்ந்தெடுக்கிறது. அதுவும் கனடாவிலிருந்து மட்டுமல்ல. ஸ்வீடன், பின்லாந்து, ருஷ்யா, அமெரிக்கா என்று உலகம் முழுவதிலுமிருந்து. தேர்வானவர்களிலும் பலர் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை. மற்றவர்களின் உழைப்பு எந்தக் கணக்கில் சேர்ந்தது?

2014இல் முன்னாள் வீரர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். ‘நாங்கள் செய்தது வேலை, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கொடு’ என்றார்கள். கழகங்கள் என்ன செய்தன? ஒரு பக்கம் வழக்காடின. மறுபக்கம் மாகாண அரசுகளின் கதவைத் தட்டின. பிரிட்டிஷ் கொலம்பியா 2016இல், கியூபெக்கும் ஆன்டாரியோவும் 2018இல் என, மாகாணம் மாகாணமாகக் கூலிச் சட்டத்திலிருந்து இந்தப் பையன்களை விலக்கி எழுதினார்கள். வழக்கு நடக்கும்போதே சட்டத்தை மாற்றிக்கொள்ளும் வசதி எந்தத் தொழிலாளிக்கு உண்டு? 2020இல் மூன்று கோடி டாலருக்குச் சமரசம் என்று அறிவித்தார்கள். அதில் வீரர்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய உரிமைகள் மிதமிஞ்சிப் போயின என்று சொல்லி, அந்த வடிவத்தை நீதிபதிகளே ஏற்க மறுத்தார்கள்.

இனிதான் வேடிக்கை. மாகாணச் சட்டம் ‘இவன் தொழிலாளி அல்ல, விளையாடும் மாணவன்’ என்றது. எல்லைக்கு அப்பால் அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கமோ, ‘இவன் தொழில்முறை ஆட்டக்காரன், கல்லூரி அணியில் இடமில்லை’ என்றது. கூலி கேட்டால் மாணவன். கல்லூரியில் இடம் கேட்டால் தொழில்காரன்! ஒரே பையனுக்கு இரண்டு பெயர். இரண்டு பெயராலும் அவனுக்கே நஷ்டம். பெயர் வைக்கும் உரிமை எவன் கையிலோ, இலாபமும் அவன் கையில் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இது நேற்று முளைத்ததல்ல. ஒரு காலத்தில் ‘சி படிவம்’ என்ற ஒரு தாள் இருந்தது. அதில் கையெழுத்திட்டால் பையன் அந்த என்.எச்.எல். கழகத்துக்கே கட்டுப்பட்டவன். பின்னாளில் ஆட்டத்தின் இலக்கணத்தையே மாற்றிய பாபி ஓர், 1962இல் தம் 14ஆம் வயதில் பாஸ்டன் கழகத்தோடு அப்படிப் பிணைக்கப்பட்டார். 1957இல் டெட் லிண்ட்சே என்ற முன்னணி வீரர் சங்கம் அமைக்க முனைந்தபோது, டெட்ராய்ட் கழகம் அவரைச் சிக்காகோவுக்குத் தள்ளிவிட்டது. பெரிய வீரருக்கே அந்தக் கதி என்றால், பதினாறு வயதுப் பையன் எம்மாத்திரம்?

கூலி மட்டுமே பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டை விட்டு வந்த பையனின் எதிர்காலம் பயிற்சியாளர் ஒருவரின் கையில். அவர் கெட்டவராக இருந்தால்? ஷெல்டன் கென்னடி என்ற வீரர், இளையோர் லீக்கில் தம்மைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய பயிற்சியாளர் கிரகாம் ஜேம்ஸ் மீது புகார் கொடுத்தார். 1997இல் ஜேம்ஸுக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பையன் அத்தனை காலம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பவர்கள், முதலாளியின் தயவில் வாழ்ந்து பார்க்காதவர்கள்.

எதிர்வாதத்தையும் கேட்போம். சிற்றூர்க் கழகங்கள் கூலி கொடுத்தால் இழுத்து மூட வேண்டியதுதான் என்கிறார்கள். ஒரு பருவம் ஆடினால் ஓராண்டுப் படிப்புச் செலவு தருகிறோமே என்கிறார்கள். படிப்புதவி நல்லதுதான், பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் நிபந்தனையோடு பிற்பாடு வருவது கூலிக்கு ஈடாகாது. நலிந்த கழகத்துக்கு உதவி வேண்டுமானால் பெரிய கழகங்களும் என்.எச்.எல்.லும் தரட்டும். அந்தச் சுமையைப் பையன் தலையில் ஏன் வைக்க வேண்டும்?

2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரிச் சங்கம் தன் தடையை நீக்க முடிவு செய்தது. 2025 ஆகஸ்டு முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கும் ஒரு வழக்குதான் காரணம். மேற்குப் பிரிவில் ஒளிவீசிய கேவின் மெக்கென்னா 2025இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு பாதை இருந்தால் பேரம் பேசலாம்; வரவேற்கிறோம். ஆனால் பேரம் பேசும் பலம் நட்சத்திரத்துக்கு மட்டுமே உண்டு. நாலாவது வரிசையில் ஆடி, இருபது வயதில் மூட்டு வலியோடு ஊர் திரும்பும் பையனுக்குச் சந்தை எதையும் தராது. அவனுக்கு வேண்டியது சட்டம். அதைக் கேட்டு வாங்க ஒரு சங்கம்.

நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், பயில்பவர் தொழிலாளி அல்லர் என்றே சொல்கிறது. ஆனாலும் உதவித்தொகை, வேலை நேரம், காயம் பட்டால் நஷ்டஈடு ஆகியவற்றை அதே சட்டம் பேசுகிறது. பெயரை மாற்றினாலும் பொறுப்பு மாறாது என்ற அந்தக் குறைந்தபட்ச நியாயமாவது கனடாவின் பனித்தளத்துக்கும் போய்ச் சேரட்டும்.

பழகுகிற பையனுக்கும் பசிக்கும், அவனுக்கும் அடிபடும். அவன் உழைப்பை விற்றுக் காசு பார்க்கிறவன், அந்தக் காசில் ஒரு பங்கை அவன் கையில் வைக்கட்டும். தொழில் கற்றுக் கொடுத்ததற்கு நன்றி சொல்வது பையனின் பண்பு. அந்த நன்றியைக் கூலியில் கழித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை.