கோர்களை எண்ணி வேகத்தை வாங்க முடியாது

கணினி வாங்கப் போகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக ஊறிக் கிடக்கிறது. சர்வரில் இருக்கும் புராசசர் லேப்டாப்பில் இருப்பதைவிட வேகமானது. பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் கொட்டி வாங்குவதே அதற்குச் சாட்சி. அதே புராசசர் பழைய சந்தையில் மலிவாகக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பொறியியல் மாணவர்கள், வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞர்கள், சிறு அலுவலகம் நடத்துபவர்கள் எனப் பலரும் இதை நம்பித்தான் பணத்தை எடுத்து வைக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. ஓரளவுக்குத் தவறு என்று மழுப்பவும் இடமில்லை. ஒருவர் மேசை முன் உட்கார்ந்து செய்யும் பெரும்பாலான வேலைகளில் உண்மை இதற்கு நேர் எதிராக இருக்கிறது.

சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஏஎம்டி நிறுவனம் 2022 நவம்பரில் எபிக் 9654 என்ற சர்வர் புராசசரை வெளியிட்டது. 96 கோர்கள், 384 எம்பி எல்3 கேஷ், 360 வாட், பட்டியல் விலை 11,805 டாலர். அடுத்த ஆண்டே மெல்லிய லேப்டாப்புகளுக்காக ரைசன் 7 7840யு வந்தது. 8 கோர்கள், வழக்கமாக 28 வாட். இரண்டுக்குள்ளும் இருப்பது ஜென் 4 என்ற ஒரே கோர் வடிவமைப்பு. கட்டளையைப் படிக்கும் விதமும் கணக்குப் போடும் விதமும் ஒன்றே. ஆனால் அந்தக் கோர் லேப்டாப்பில் 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, சர்வரில் 3.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை. கடிகார வேகத்தில் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் லேப்டாப் முந்தி நிற்கிறது. பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை சொல்லப்பட்ட புராசசரின் ஒற்றைக் கோர், பையில் போட்டு எடுத்துச் செல்லும் கருவியின் ஒற்றைக் கோரைவிட மெதுவாக ஓடுகிறது.

இது குறைபாடு இல்லை, வேண்டுமென்றே செய்யப்பட்ட தேர்வு. கடிகார வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் மின்செலவு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கடைசி அரை கிகாஹெர்ட்ஸுக்குத்தான் மிக அதிக விலை கொடுக்க நேர்கிறது. 360 வாட்டை 96 கோர்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 4 வாட் கூடத் தேறாது. அதிலிருந்துதான் நினைவகத்தையும் வட்டுகளையும் இணைக்கும் பகுதிகளுக்கும் மின்சாரம் போக வேண்டும். எல்லாக் கோர்களும் இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் இடத்துக்கு நிதானமான வேகமே லாபம். லேப்டாப்பின் கணக்கு வேறு. அங்கே ஒரு கோர் மட்டும் விழித்திருக்கும்போது, மொத்தப் புராசசருக்கும் ஒதுக்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிடலாம்.

புராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான கேஷ் 384 எம்பி என்ற எண்ணும் வாங்குபவரை மயக்குகிறது. அது ஒரே இடத்தில் இல்லை. எட்டெட்டுக் கோர்களாக 12 துண்டுகள், துண்டுக்கு 32 எம்பி என்று பிரிந்து கிடக்கிறது. ஒரு கோர் தன் தரவை நிரப்பிக்கொள்வது தன் துண்டில் உள்ள 32 எம்பியில்தான்.

அப்படியென்றால் 96 கோர்கள் சேர்ந்து ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளாதா? பங்கு போட முடிந்த வேலையாக இருந்தால் போட்டுக்கொள்ளும். ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் 1967இலேயே இதன் எல்லையைச் சுட்டிக்காட்டினார். ஒரு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க முடியும் என்றால், எத்தனை கோர்களை அடுக்கினாலும் மொத்த வேகம் ஐந்து மடங்கைத் தாண்டாது. நாற்பது பேர் இறங்கினால் நடவு காலையிலேயே முடிந்துவிடும். விதைத்த நெல் நாற்றாகும் நாட்களை அந்த நாற்பது பேராலும் குறைக்க முடியாது.

மேசைக் கணினியில் நாள்தோறும் நடக்கும் வேலைகளில் பல இந்த நாற்று வகையைச் சேர்ந்தவை. ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே ஒரு கோரில் ஓடும் மென்பொருள் என்பதை அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. எக்செலில் எழுதும் மேக்ரோ ஒரு கோரில் ஓடுகிறது. கல்லூரியில் கற்றுத்தரப்படும் வழக்கமான பைத்தான் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை, அதாவது ஒரே ஒரு கட்டளை வரிசையை மட்டுமே நகர்த்துகிறது. ஒரு வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டும் முதன்மையாக ஒற்றை வரிசையில்தான் போகிறது. சிவில் படிக்கும் மாணவர் ஆட்டோகேடுக்காக 16 கோர் சர்வர் புராசசர் வாங்கினால், அவர் வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் பெரும்பாலும் 15 கோர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். வேலை செய்யும் அந்த ஒன்றும் மெதுவானது.

சர்வர் மேலே, லேப்டாப் கீழே என்ற ஏணியே கற்பனை என்பதற்கு வரலாறு இன்னும் வலுவான சாட்சி வைத்திருக்கிறது. இந்தக் கதையை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 2000களின் தொடக்கத்தில் இன்டெல் நிறுவனம் கடிகார வேகத்தை ஏற்றுவதிலேயே குறியாக இருந்தது. மேசைக் கணினியில் பென்டியம் 4, சர்வரில் அதே வடிவமைப்பைக் கொண்ட ஜியான். இரண்டுமே சூட்டில் தத்தளித்தன. அந்த நேரத்தில் இஸ்ரேலின் ஹைஃபா நகரிலிருந்த இன்டெல் குழு, லேப்டாப்புக்கென்றே ஒரு புராசசரை உருவாக்கிக்கொண்டிருந்தது. மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்ற கட்டாயத்தில், ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் அதிக வேலை வாங்குவது எப்படி என்று அவர்கள் யோசித்தார்கள். 2003 மார்ச்சில் பென்டியம் எம் வந்தது. 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடிய அது, எண்ணிக்கையில் தன்னைவிட வெகுவாக உயர்ந்த பென்டியம் 4 புராசசர்களோடு தோளுக்குத் தோள் நின்றது.

2004 மே மாதம் இன்டெல், பென்டியம் 4 வரிசையின் அடுத்த வாரிசாகத் திட்டமிட்டிருந்த தேஜாஸையும் அதன் சர்வர் வடிவமான ஜேஹாக்கையும் கைவிட்டது. 2006 மார்ச்சில் சொசமான் என்ற குறிப்பெயர் கொண்ட சர்வர் புராசசர் ஜியான் எல்வி என்ற பெயரில் வெளிவந்தது. அது லேப்டாப்பில் கோர் டுவோ என்று விற்கப்பட்ட யோனா புராசசரேதான். 31 வாட்டில் ஓடும், ஜியான் பெயர் தாங்கிய லேப்டாப் புராசசர். அதே ஆண்டு ஜூனில் வந்த ஜியான் 5100 வரிசையும் பென்டியம் எம் வழியில் பிறந்த கோர் கட்டமைப்பில் எழுந்ததுதான். இன்டெலின் சர்வர் தொழிலை மீட்டது லேப்டாப்புக்காகப் பிறந்த சிந்தனை. இதை அறிந்த பிறகும் சர்வர் புராசசரை உயர்குலமாகவும் லேப்டாப் புராசசரை அதன் நலிந்த நகலாகவும் பேசுவது நியாயமில்லை.

சர்வர் புராசசருக்கும் லேப்டாப் புராசசருக்கும் உள்ள தூரம் சில நேரம் இன்னும் குறுகலானது. 2015இல் இன்டெல் லேப்டாப்புகளுக்கே ஜியான் இ3-1505எம் வி5 கொண்டுவந்தது. 4 கோர், 8 எம்பி கேஷ், 45 வாட். அதே காலத்து ஐ7-6820எச்க்யூவும் 4 கோர், 8 எம்பி, 45 வாட்தான். கடிகார வேகத்தில் 0.1 கிகாஹெர்ட்ஸ் வித்தியாசம். ஜியானில் கூடுதலாக இருந்த முக்கியமான வசதி, பிழை திருத்தும் இசிசி நினைவகத்துக்கான ஆதரவு.

நம்பிக்கை பணமாக மாறும் இடம் பழைய பொருள் சந்தை. அங்கேதான் இந்தத் தவறு மனிதர்களைக் காயப்படுத்துகிறது. ஜியான் இ5-2670 புராசசரை எடுத்துக்கொள்வோம். 2012 மார்ச்சில் 1,552 டாலர் விலையில் வந்தது. 8 கோர், அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3, மின்செலவு 115 வாட். தரவு மையங்கள் அவற்றைக் கழற்றத் தொடங்கியதும் 2016 வாக்கில் இணையச் சந்தையில் 100 டாலருக்கும் கீழே குவிந்தன. அந்தத் தலைமுறை புராசசர்கள் பொருத்திய பழைய ஒர்க்ஸ்டேஷன்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகள் வரை வந்து சேர்ந்தன. "சர்வர் புராசசர், 8 கோர், 16 த்ரெட்" என்ற மூன்று தொடர்களே அவற்றுக்கு விளம்பரம்.

விளம்பரம் சொல்லாமல் விட்டது நிறைய. இந்தப் புராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கார்டு வாங்காமல் திரையில் எதுவும் தெரியாது. வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் இன்றைய லேப்டாப் புராசசர்களில் தனிப் பகுதி இருக்கிறது, இதில் இல்லை. 2013இல் ஹாஸ்வெல் தலைமுறையோடு வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இதற்குத் தெரியாது. அவற்றைக் கட்டாயமாக எதிர்பார்க்கும் மென்பொருள் இதில் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் பட்டியலில் இதற்கு இடமில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வேகத்திலும் இதே கதைதான். 2020 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட எம்1 மேக்புக் ஏரில் விசிறி கூடக் கிடையாது. ஒற்றைக் கோர் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் சோதனையில் அது இந்தச் சர்வர் புராசசரைப் போல இரு மடங்குக்கும் மேல் வாங்குகிறது. கடன் வாங்கிப் பிள்ளைக்குக் கணினி எடுத்துக் கொடுக்கும் பெற்றோரிடம் "இது சர்வர் பீஸ், லேப்டாப்பெல்லாம் கிட்ட நிற்க முடியாது" என்று சொல்லி விற்பது அநியாயம். விற்பவர் அறியாமல் சொன்னாலும் வாங்குபவருக்கு நட்டம் நட்டம்தான்.

லேப்டாப் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் என்பது சிறிது நேரம் தொடும் உச்சம். சூடு ஏறினால் இறங்கிவிடும். 2018இல் கோர் ஐ9 பொருத்திய மேக்புக் புரோ கனமான வேலையில் எதிர்பார்த்ததைவிட வேகம் குறைந்து திணறியதும், ஆப்பிள் அதற்கு மென்பொருள் திருத்தம் வெளியிட்டதும் ஊரறிந்த செய்தி. எட்டு மணி நேரம் ஓடும் முப்பரிமாண ரெண்டரிங்குக்கு லேப்டாப் ஏற்ற கருவி ஆகாது.

சர்வர் புராசசரின் மெய்யான பெருமையையும் இந்த நம்பிக்கை மறைத்துவிடுகிறது என்பதுதான் வருத்தம். எபிக் 9654 ஒரு சாக்கெட்டில் 12 நினைவகச் சேனல்களையும் 6 டெராபைட் நினைவகத்தையும் தாங்கும். ஒரே கணத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கதவைத் தட்டினாலும் எல்லோருக்கும் பதில் சொல்லும். அதைவிட முக்கியம், தவறு செய்யாமல் இருப்பது. 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் நடந்த மின்னணு வாக்கெடுப்பில் ஒரு வேட்பாளருக்குச் சாத்தியமே இல்லாத அளவில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4,096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டதே காரணம் என்று முடிவு செய்யப்பட்டது; விண்வெளியிலிருந்து வந்த கதிர் அதைப் புரட்டியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. கூகுளின் சர்வர்களில் ஆய்வு செய்து 2009இல் வெளியான கட்டுரை, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான நினைவகப் பலகைகளில் பிழை தென்பட்டதாகச் சொன்னது. அத்தகைய பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி, சர்வர் புராசசர்களின் அடிப்படைக் குணம். வங்கிக் கணக்குக்கும் மருத்துவப் பதிவுக்கும் அந்தக் காவல் இருக்கட்டும் என்றுதான் நிறுவனங்கள் அவ்வளவு பணம் கொடுக்கின்றன. ஒரு விளையாட்டு எத்தனை நொடியில் திறக்கிறது என்ற அளவுகோலை அதன்மேல் வைப்பதே பிழை.

கிளவுடில் சர்வர் வாடகைக்கு எடுக்கும் இளம் நிரலாளர்களும் இதே குழியில் விழுகிறார்கள். லேப்டாப்பில் பத்து நிமிடம் ஓடிய நிரல் சர்வரில் இருபது நிமிடம் எடுத்தால், நிரலில் ஏதோ கோளாறு என்று நாள்கணக்கில் தேடுகிறார்கள். இன்டெல் புராசசரில் ஓடும் கிளவுட் சர்வரில் ஒரு விசிபியு, அதாவது மெய்நிகர் சிபியு என்பது வழக்கமாக ஒரு த்ரெட்தான். இரண்டு த்ரெட் சேர்ந்தால்தான் ஒரு முழுக் கோர். 2 விசிபியு வாங்கியவர் நிதானமாக ஓடும் ஒரு சர்வர் கோரை வாங்கியிருக்கிறார். அவருடைய லேப்டாப்பில் வேகமான கோர்கள் எட்டு இருக்கின்றன. அடுத்த பெரிய அளவுக்கு மாறிப் பணம் கட்டுவதற்கு முன், நிரல் ஓடும்போது லினக்ஸில் டாப் கட்டளையைத் திறந்து 1 என்ற விசையை அழுத்திப் பார்க்கலாம். ஒரு வரி மட்டும் 100 சதவீதத்தில் நின்று மற்ற வரிகள் சும்மா இருந்தால், கூடுதலாக வாங்கும் விசிபியுக்களும் அந்தச் சும்மா இருக்கும் வரிகளோடுதான் போய்ச் சேரும்.