நீலத் திரை வந்தால் முதலில் படியுங்கள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் உலகெங்கும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றன. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருந்தனர். ஈப்போவாசிகள் நம்பியிருக்கும் கேடிஎம் இரயிலின் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட கணினிகள் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

காரணம், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய சிறு புதுப்பிப்புக் கோப்பு. அதன் மென்பொருள் 21 மதிப்புகளை எதிர்பார்த்தது; கிடைத்தவை 20. இல்லாத அந்த 21ஆவது மதிப்பைத் தேடி, நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படிக்க முயன்றது. அந்த மென்பொருள் டிரைவராக, அதாவது விண்டோஸின் உள்மையத்தில் இயங்கியதால், கணினியே நின்றுவிட்டது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால், விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் மீட்க வேண்டியிருந்தது. செய்த வேலை என்ன? சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரே கோப்பை நீக்கியதுதான்.

மாணவர்களே, நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நாளை அசைன்மெண்ட் அனுப்ப வேண்டும். இன்றிரவு நீலத் திரை. பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறோம். "ஃபார்மெட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள், தலையாட்டுகிறோம். பணம் போகிறது, கணினி திரும்பி வருகிறது. இரண்டாண்டுக் குறிப்புகள் திரும்பி வருவதில்லை. பழுது மெமரியில் என்றால் சில நாளில் நீலத் திரையும் திரும்பி வந்துவிடுகிறது.

நீலத் திரை உண்மையில் ஒரு தற்காப்பு. தவறான தகவல் பரவி உங்கள் கோப்புகளைக் கெடுக்கும் முன் விண்டோஸ் தன்னை நிறுத்திக்கொள்கிறது. புதிய விண்டோஸ் 11 பதிப்பில் அத்திரை கறுப்பாக மாறியிருக்கிறது, செய்தி அதேதான். அதன் அடியில் இருக்கும் குறியீட்டைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். அதில் 'டிரைவர்' என்ற சொல்லும் 'சிஸ்' என்று முடியும் கோப்புப் பெயரும் இருந்தால் சந்தேகம் டிரைவர் மீது. 'வியா' என்று தொடங்கினால் பெரும்பாலும் வன்பொருள் மீது. 'மெமரி மேனேஜ்மெண்ட்' என்றால் மெமரியைச் சோதியுங்கள். ஆனால் டிரைவரும் அதே குறியீட்டைத் தரக்கூடும்.

கணினி மீண்டும் எழுந்ததும் முதல் வேலை, முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுப்பது. பிறகு கேளுங்கள்: கடைசியாக எதை மாற்றினோம்? புதிய பிரிண்டரா, கிராஃபிக்ஸ் டிரைவரா? டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். கணினி எழவில்லை என்றால் சேஃப் மோடில் திறந்து அதையே செய்யலாம். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் மெமரியைச் சோதிக்கும். அதற்குக் கட்டணம் இல்லை. விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினாலும் கணினி நிற்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது குணமாக்கியது என்றே தெரியாது. உத்தரவாதக் காலம் முடியாத மடிக்கணினியைத் திறக்க வேண்டாம்.

பால் நின்றுபோன ரப்பர் மரத்தை நம் தோட்டத்துப் பெரியவர்கள் உடனே சாய்த்துவிடவில்லை. வெட்டுவதை நிறுத்தி ஓய்வு கொடுத்தார்கள், பட்டையைக் கவனித்தார்கள். சுங்கை சிப்புட்டிலும் கம்பாரிலும் தாமான் வீடுகளில் வளரும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை அந்நியமானதாக இருக்கக்கூடாது.

கடைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சில பழுதுகளுக்கு அவர்கள் கை வேண்டும். ஆனால் குறியீட்டின் படத்தோடும், நகலெடுத்த கோப்புகளோடும், "இதையெல்லாம் பார்த்துவிட்டேன் அண்ணே" என்ற சொல்லோடும் போகும் மாணவரிடம் "ஃபார்மெட்" என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பள்ளிக் கணினிக் கழகங்கள் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் அக்கம்பக்கத்துத் தம்பி தங்கைகளுக்குக் கற்றுக்கொடுக்கட்டும்.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். நீலத் திரை வரும்வரை காத்திராமல் உங்கள் பாடக் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள்.