பேஸ் வேணுமா, அதிர்வு வேணுமா?



கோயில் சவுண்ட் சிஸ்டத்தைப் பாத்துக்குற எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "தம்பி, வீட்டுல தவில் கேட்டா அந்தக் கனமே இல்லையே, எந்த சப்வூஃபர் வாங்கலாம்?"

என் பதில் பலருக்குப் பிடிக்காது. தாமான் வீட்டுக்கு சப்வூஃபரே வேணாம். பெட்டி இல்லாம, வெறும் பலகையில ஸ்பீக்கரை மாட்டுற ஓப்பன் பேஃபிள்தான் நமக்குப் பொருந்தும்.

நம்ம வரிசை வீடுகள்ல ரெண்டு பக்கமும் பொதுச் சுவர். சப்வூஃபர் அடித்தொனியை எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி அனுப்பும். நான் அதை வச்சிருந்தப்போ பக்கத்து வீட்டு சீனப் பாட்டி ஒரு நாள் கேட் பக்கம் வந்தாங்க. சண்டை போடல. பேரன் தூங்கவே மாட்டேங்குறான்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. சாமி பாட்டு போட்டு அடுத்த வீட்டுக் குழந்தையை அழ வைக்கிறதுல என்னங்க புண்ணியம்?

பலகையில மாட்டுன ஸ்பீக்கர் முன்னாலயும் பின்னாலயும் சத்தம் விடும். ரெண்டும் ஒன்னுக்கொன்னு நேர் எதிர். அதனால பக்கவாட்டுல ஒன்னை ஒன்னு அடக்கிடும். ஸ்பீக்கர் முகம் வாசல் பக்கமோ சமையலறை பக்கமோ பாத்தா, அந்த அடங்குற பக்கம் பொதுச் சுவருக்கு நேரா வரும். அடுத்த வீட்டுக்குச் சுத்தமா கேக்காதுன்னு சொல்லமாட்டேன். ஆனா சுவர் அதிர்றது குறையும்.

இதுக்கு ஒரு விலை இருக்கு. 40 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 8.5 மீட்டர். 2 அடிப் பலகை அதைத் தடுக்காது. பின் சத்தம் சுத்தி வந்து முன் சத்தத்தைத் தின்னுடும். நானும் முதல்ல ஏமாந்தேன். கோயில்ல கழிச்சுப் போட்ட பெட்டியிலிருந்து 15 அங்குல ஸ்பீக்கரைக் கழட்டி பிளைவுட்ல மாட்டினேன். பேஸ் காணாமப் போச்சு! தப்பு ஸ்பீக்கர்மேல இல்ல. அது பெட்டிக்குன்னு செஞ்சது.

செய்யப் போறவங்க இதை மட்டும் கவனிங்க:

1. வாங்குறதுக்கு முன்னால கியூ-டி-எஸ் அளவைப் பாருங்க. 0.7 பக்கம் இருக்கணும். மேடை ஸ்பீக்கர்கள் பலதுல 0.3, 0.4தான் இருக்கும்.

2. 15 அங்குலம் நல்லது. இடமும் காசும் இருந்தா பக்கத்துக்கு ரெண்டு.

3. பலகையோட ரெண்டு ஓரத்துலயும் பின்பக்கமா இறக்கை மாதிரி பலகை வைங்க. பின் சத்தம் சுத்தி வர்ற தூரம் கூடும்.

4. பின் சுவரிலிருந்து 1 மீட்டராவது தள்ளி வைங்க. சுவரோட ஒட்டினா பாதி பலன் போயிடும்.

5. ஈக்வலைசர்ல பேஸைக் கண்டபடி ஏத்தாதீங்க. 6 டெசிபல் ஏத்தினா ஆம்ப்ளிஃபயர் 4 மடங்கு சக்தி குடுக்கணும். அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழ எடுக்க கோன் 8 மடங்கு தூரம் ஆடணும்.

"இவ்வளவு பண்ணியும் சப்வூஃபர் மாதிரி நெஞ்சு அதிராதா?"ன்னு கேப்பீங்க. அதிராது. அது வேணும்னா இது உங்களுக்கு இல்ல.

ஆனா தவில்ல தொப்பிப் பக்கம் குச்சி விழுறப்போ அடி எங்க தொடங்குது, எங்க நிக்குதுன்னு தெளிவாக் கேக்கும். பெட்டியோட சொந்த முனகல் அதுல கலக்காது. அதைத்தான் நான் பேஸ்னு சொல்லுவேன். மத்ததெல்லாம் அதிர்வு.

இப்போ வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல நாதஸ்வரம் ஓடுது. பாட்டி கேட் பக்கம் வர்றாங்க, கதை பேசத்தான். பேரனும் கூட வர்றான்.

யாராவது செய்யணும்னா சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை அன்னதான வேலை முடிஞ்சதும் பலகை அறுக்க நான் வர்றேன். டீ மட்டும் போட்டு வைங்க.