நீராவி இல்லாத நீராவி வண்டி

வடோதராவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் எதைக் கேட்டாலும் சொல்லும். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதல் கேள்வி படேல் சிலை. இரண்டாவது கேள்வி, "ஏதோ பழங்கால ரயில் ஓடுதாமே, அதுல போலாமா?"

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் அது பழங்கால ரயில் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் விளக்கி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. இனிமேல் சுட்டி கொடுத்துவிட்டுக் காபி போடப் போய்விடலாம் பாருங்கள் :-)

2023 அக்டோபர் 31 அன்று ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் இடையே "பாரம்பரிய ரயில்" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எஞ்சின் பார்க்க நீராவி எஞ்சின் மாதிரியே இருக்கும். ஓடுவது மின்சாரத்தில். பெட்டிகள் புதுசு, உள்ளே ஏசி, சாப்பிடத் தனிப்பெட்டி. சொகுசுக்கு நான் எதிரி இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள். சுற்றுலா ரயில் என்று பெயர் வைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். "பாரம்பரியம்" என்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் என்றால், அந்த வண்டி போகிற வழியில் டபோய் இருக்கிறது. டபோய் என்ன சாதாரண ஊரா? 1862ல் பரோடா கெய்க்வாட் மன்னர் டபோயிலிருந்து மியாகாமுக்கு இரண்டரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்டார். இந்தியாவின் முதல் நேரோ கேஜ் அதுதான். ஆரம்பத்தில் பெட்டியை இழுத்தவை மாடுகள். ஆமாம், நம்ம ஊர் வண்டி மாடு மாதிரிதான். நீராவி எஞ்சின் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். பிறகு டபோயைச் சுற்றி நாலா பக்கமும் குட்டி ரயில்கள் கிளை விட்டன. பருத்தி மூட்டையும் பால் கேனும் சந்தைக்குப் போகிற பாட்டிகளும் ஏறிய பெட்டிகள் அவை.

டபோய் - சாந்தோத் குட்டிப் பாதையைப் பெயர்த்து அகலப் பாதையாக்கி, கேவடியா வரை நீட்டி, 2021 ஜனவரி 17 அன்று திறந்தார்கள். அன்றைக்குக் கொடியசைத்த வண்டிகளில் சென்னை சென்ட்ரல் - கேவடியா வாராந்திர வண்டியும் ஒன்று. நமக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. அகலப் பாதை வந்ததும் தப்பில்லை. ஆனால் நிஜமான குட்டி ரயில் ஓடிய அதே இடத்தில், நிஜத்தை எடுத்துவிட்டு, வேஷம் போட்ட எஞ்சினை ஓடவிட்டு "பாரம்பரியம்" என்று பலகை மாட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

குஜராத்தில் மிஞ்சிய ஐந்து குட்டிப் பாதைகளை, மொத்தம் 204 கிலோமீட்டர், பாரம்பரியமாகக் காப்பாற்றப் போவதாக 2020 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. அதே வருஷக் கடைசியில், லாபமில்லாத பாதைகளை மூடுவது என்று பேச்சு. பிலிமோரா - வகாய் பாதைக்காக அங்கிருந்த ஜனங்கள் சத்தம் போட்ட பிறகு 2021 செப்டம்பரில் மறுபடி ஓடியது, ஒரு ஏசி கண்ணாடிப் பெட்டியோடு. சத்தம் போட ஆளில்லாத பாதைகளின் கதி என்ன என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

"பழசை வைத்துக்கொண்டு என்னய்யா செய்வது, மரம் உளுத்துப் போகும், தீப்பிடிக்கும்" என்பார்கள். நியாயமான கேள்விதான். பழைய பெட்டியைச் சீர்செய்வது கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை இல்லை. அடிச்சட்டம் இரும்பு, மேலே தேக்குச் சட்டம், அதன்மேல் பலகை, கூரையில் பெயிண்ட் ஊறிய கித்தான். தண்ணீர் முதலில் இறங்குவது கூரையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில். அங்கே உளுத்த அரை அடியை மட்டும் வெட்டி எடுத்து, அதே மரத்தில் துண்டு போட்டு ஒட்டணும். முழுப் பலகையையும் மாற்றினால் வேலை சுலபம்தான். அப்படியே மாற்றிக்கொண்டு போனால் கடைசியில் கையில் இருப்பது புதுப் பெட்டி, பழைய நம்பர். பெயிண்டை மொத்தமாகச் சுரண்டுவதற்கு முன்னால் உள்ளங்கை அளவு இடத்தில் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்தால், அது எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் ஓடியது என்று பெட்டியே சொல்லும். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும், கைத்தொழில் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆள் இல்லையா? 1855ல் செய்த ஃபேரி குவீன் எஞ்சினை 1997ல் பெரம்பூரில்தானே உயிர்ப்பித்து ஓடவிட்டார்கள்? நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலைப் பணிமனையில் புது எக்ஸ் வகுப்பு எஞ்சினே கட்டினார்களே? கை இருக்கிறது. மனசுதான் வேறெங்கோ இருக்கிறது.

இன்னொரு கோபமும் இருக்கிறது. காப்பாற்றும்போதும் நாம் யாருடைய பெட்டியைக் காப்பாற்றுகிறோம்? டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் 1899ன் மைசூர் மகாராஜா பெட்டி இருக்கிறது, வேல்ஸ் இளவரசருக்கு 1875ல் செய்தது இருக்கிறது. 1982ல் அரண்மனை ரயில் விட்டபோது சேர்த்ததும் ராஜாக்களின் பெட்டிகளைத்தான். இருக்கட்டும், அழகுதான். ஆனால் இந்த நாட்டில் ரயில் ஏறியவர்களில் ராஜா எத்தனை பேர்? மூன்றாம் வகுப்பின் அவலத்தைப் பற்றி 1917ல் காந்தி ஒரு சிறு புத்தகமே எழுதினார். அந்த வகுப்பு 1974ல் பெயரளவில் ஒழிந்தது. மரப்பலகைப் படுக்கையில் இரண்டங்குல மெத்தை வந்தது மது தண்டவதே ரயில்வே அமைச்சரான பிறகு. இதெல்லாம் வரலாறு இல்லையா?

நம்மை இங்கே கொண்டுவந்தது எது? பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி. சுவிஸ் கம்பெனித் துணையோடு 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தொழிற்சாலை. செங்காவி நிறத்தில் ஓடி, பிறகு நீலமாகி, நவஜீவனிலும் ஜிடியிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் புளியோதரை மணக்க நம்மைச் சுமந்த பெட்டி. சக்கர அச்சில் பெல்ட் மாட்டி ஓடும் டைனமோ, வண்டி ரொம்ப நேரம் நின்றால் மங்கிப் போகும் விளக்கு, சீப்பை விட்டுச் சுழற்றினால்தான் ஓடும் மின்விசிறி (செய்யாதவர்கள் கை தூக்குங்கள்). அந்த வகைப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியில் ஐசிஎஃப் நிறுத்திவிட்டது. ஒரு பெட்டியின் ஆயுள் 25 வருஷம். அதற்கப்புறம் ஜன்னலை அடைத்துக் கார் ஏற்றும் வண்டியாக்குகிறார்கள், ஸ்டேஷன் வாசலில் ஓட்டலாக்குகிறார்கள், மீதியை எடைக்குப் போடுகிறார்கள்.

ஓட்டலில் தோசை தின்றுகொண்டே "பழைய ரயில் பெட்டி" என்று செல்ஃபி எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. உள்ளே பெர்த் இல்லை, சங்கிலி இல்லை, ஜன்னல் கம்பி இல்லை. வெளித்தகடு மட்டும்தான் மிச்சம்.

நான் கேட்பது ரொம்பப் பெரிசு இல்லை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற ஐசிஎஃப் படுக்கைப் பெட்டிகளில் நல்லதாக நாலைந்தை இப்போதே ஒதுக்கி வையுங்கள். கழிவறைக்குக் கீழே தரைத்தகடு துருப்பிடிப்பதுதான் இவற்றின் பெரிய வியாதி. அதை வெட்டி மாற்றத் தெரியாத பணிமனை இந்தியாவில் கிடையாது. ஒன்றிலாவது மரப்பலகை இருக்கையைத் திரும்பப் போட்டு, செங்காவி அடியுங்கள். புது எல்எச்பி பெட்டிகளோடு சேர்த்து ஓட்ட முடியாது, இரண்டுக்கும் கப்ளிங் வேறு. அதனால் தனி வண்டியாக, வாரத்துக்கு ஒருநாள், பிரதாப்நகரிலிருந்து ஏக்தா நகர் வரை சாதாரண டிக்கெட்டில் விடுங்கள். அதற்கு முன்னால் எந்த எஞ்சின் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், புகைபோக்கி ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை.