வீடு நம் பெயரில், மனை யார் பெயரில்?
அனந்தபுரம் சுற்றுவட்டாரச் சேரிகளில் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாகி வருகின்றன. கிராமங்களில் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் தருகிறது. ஆனால் மனைக்குப் பட்டா வேண்டும்.

நம்மில் பலரிடம் இருப்பது தாத்தா பெயரிலான இலவச மனைப்பட்டா. அவர் இறந்தபின் வாரிசுச் சான்று வாங்கி, பெயர் மாற்றாமல் விட்டுவிட்டோம். வீட்டுவரி ரசீதும் கரண்ட் பில்லும் போதுமென நம்புகிறோம். அவை நாம் குடியிருப்பதைத்தான் காட்டும். மனை உரிமையைக் காட்டாது. பாகப்பிரிவினையைப் பதியப் போகும்போதும், வங்கிக் கடன் கேட்கும்போதும்தான் இது உறைக்கிறது.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். பட்டாவில் நம் பெயர் ஏறுவது எப்போது? கூலியை இழந்து நாம் தாலுகா ஆபீசுக்கு அலைவதைவிட, வருவாய்த் துறை நம் தெருவில் முகாம் போடட்டும்.

மாணவர்களே, வீட்டுப் பெட்டியிலுள்ள பட்டாவை இன்றே எடுத்துப் படியுங்கள்.